ஆயுத பூஜைக்குச் சுத்தமான கம்ப்யூட்டர்

அன்று விஜயதசமி. பக்கத்து வீடுகளிலிருந்து வந்த பொரியும் கடலையும் எங்கள் சாப்பாட்டு மேசையில் மலையாகக் குவிந்து கிடந்தன. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் எங்கள் நகரில் ஆயுத பூஜைப் பொரி வராத வீடும் கிடையாது, கிறிஸ்துமஸ் கேக் போகாத வீடும் கிடையாது.

ஒரு பிடிப் பொரியை வாயில் போட்டேன். வாசலில் மல்லிகா வந்து நின்றாள். காலில் செருப்பு இல்லை. முந்தின நாள் பூவே இன்னும் தலையில் வாடிக்கொண்டிருந்தது.

"அக்கா, எல்லாம் பூட்ச்சிக்கா."

பொரியை அவசரமாக விழுங்கினேன். "யாருக்குடி என்ன ஆச்சு?"

"கம்ப்யூட்டருக்குக்கா. உள்ள ஒன்னுமே இல்ல. வழிச்சி உட்டா மாறி கீது. என் டிசைன் ஒன்னுகூட இல்லக்கா."

அப்பாடா, ஆளுக்கு ஒன்றுமில்லை என்று ஒரு நொடி நிம்மதி வந்தது. அடுத்த நொடியே போய்விட்டது. அந்த டிசைன்கள் மல்லிகாவுக்கு என்ன என்பது எனக்குத் தெரியும்.

மல்லிகாவும் நானும் ஒரே செல்போன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். அது மூடியபோது பஸ் பஸ்ஸாகப் பெண்கள் வீட்டுக்கு வந்தோம். நான் வீட்டு முன்னறையில் பக்கத்துப் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தர ஆரம்பித்தேன். மல்லிகா ஆரி வேலை கற்றுக்கொண்டாள். ரவிக்கைத் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஜரிகையும் மணியும் கோக்கிற வேலை.

எல்லோரும் பழைய புத்தகத்திலிருந்து மயிலையும் மாங்காயையும் பார்த்துப் போடுவார்கள். மல்லிகா மட்டும் கம்ப்யூட்டரில் மவுஸைப் பிடித்துத் தானே வரைவாள். அதை அச்செடுத்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்தி, துணி மேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்தால் படம் துணியில் இறங்கும். அதன் மேல் தையல் ஓடும்.

அந்த ஐப்பசியில் தண்டலத்தில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணுக்கும் வீட்டுப் பெண்களுக்கும் சேர்த்து ரவிக்கை வேலை மல்லிகாவுக்கு வந்திருந்தது. மணப்பெண் கேட்டது, தன் அக்காவுக்கு மல்லிகா முன்பு போட்ட தும்பி டிசைன். முதுகுப்பக்கக் கழுத்தைச் சுற்றித் தும்பிகள் ஒன்றையொன்று துரத்திப் பறக்கும். "அதே தும்பிதான் வேணும். வேற எது போட்டாலும் வேணாம்" என்று அந்தப் பெண் தெளிவாகச் சொல்லியிருந்தாள். அக்காவோ அந்த ரவிக்கையோடு குடும்பமாக வெளிநாட்டில்.

இதற்கிடையில் ஒரு கான்ட்ராக்ட்காரர் விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் அசெம்பிளி லைனுக்கு அனுபவமுள்ள பெண்கள் வேண்டுமாம். மல்லிகாவுக்குத் திரும்பவும் ஷிப்டு பஸ் ஏற மனசில்லை. இந்தக் கல்யாண வேலை ஒழுங்காக முடிந்தால் ஊசியோடு இருந்துவிடுவது, சொதப்பினால் வாயை மூடிக்கொண்டு லைனுக்குப் போவது. இது அவளுக்கும் அவள் புருஷனுக்கும் நடந்த ஒப்பந்தம். கான்ட்ராக்ட்காரருக்கு விஜயதசமி சாயங்காலம் பதில் சொல்ல வேண்டும்.

கேடயம் வாங்கிய மனுஷன்

மல்லிகாவின் புருஷன் சேகர் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். கார் உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தங்கமான மனுஷன். அவரிடம் ஒரே ஒரு வியாதிதான் உண்டு, ஃபைவ் எஸ்.

எங்கள் தொழிற்பேட்டைப் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: வேண்டியது வேண்டாதது பிரி, வேண்டியதை அதனதன் இடத்தில் வை, துடை, அதையே தினமும் செய், பழக்கமாக்கு. ஜப்பானிலிருந்து வந்து எங்கள் ஊர்த் தொழிற்சாலைச் சுவரெல்லாம் ஒட்டியிருக்கிற வேதம். வேண்டாத பொருளுக்குச் சிவப்பு அட்டை கட்டுவார்கள். ஷிப்டு முடிவதற்குள் குப்பைத்தொட்டி காலியாக இருக்க வேண்டும்.

அந்த வருஷம் ஆயுத பூஜையை ஒட்டி நடந்த போட்டியில் சேகரின் பிரிவுக்குக் கேடயம் கிடைத்துவிட்டது. கேடயத்தோடு வந்தவர் சும்மா இருந்தாரா? வீட்டிலும் ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பிவிட்டார். மல்லிகா மாலையும் பழமும் வாங்க சிங்கப்பெருமாள் கோவில் போயிருந்த நேரம்.

முதலில் கம்ப்யூட்டரைத் துடைத்தார். பிறகு உள்ளே போனார். மாதக்கணக்காக யாரும் திறக்காத படங்களையெல்லாம் பிரித்தார். 'பயன்படாத பொருள், ஸ்கிராப்.' அழித்தார். பிறகு திரையிலிருந்த குப்பைத்தொட்டியைப் பார்த்தார். நிரம்பியிருந்தது. விடுவாரா? அதையும் காலி செய்தார். மேசை மேல் மண்ணெண்ணெய் வாடையோடு ஓட்டை ஓட்டையாகக் கிடந்த பழைய காகிதங்களும் குப்பை வண்டியில் போயின. அவற்றில்தான் தும்பியும் இருந்தது.

அவருக்கு வீடு தேடி வந்து இன்னொரு கேடயம் கொடுத்திருக்க வேண்டும். அவ்வளவு சுத்தம்.

எண்டர் கீ காலம்

மல்லிகாவோடு ஓடுவதற்கு முன்னால், எனக்கு மட்டும் கம்ப்யூட்டர் சமாசாரமெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன்.

தொழிற்சாலையில் நான் டெஸ்ட் ஸ்டேஷனில் இருந்தேன். செல்போனை ஒரு தட்டில் பொருத்துவேன். முன்னால் இருக்கும் கம்ப்யூட்டரில் எண்டர் தட்டுவேன். பச்சை வந்தால் வலது பக்கம், சிவப்பு வந்தால் இடது பக்கம். வருஷக்கணக்கில் தினமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள் நான். தெரிந்தது எண்டர் கீ மட்டும்தான். உறவினர் வீட்டில், "ரெஜினா கம்ப்யூட்டர்ல வேலை பாக்குது" என்று பெருமை பேசுவார்கள். நான் காபி டம்ளரால் முகத்தை மறைத்துக்கொள்வேன்.

வேலை போனதும் ஒரு கோபம் வந்தது. மற்ற கீ எல்லாம் எதற்கு இருக்கிறது என்று பார்த்தே தீருவது என்று, ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி அதோடு கட்டிப் புரண்டேன். கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றேன். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்து, "எனக்கு நீயும் ஒரு பிள்ளை, அதுவும் ஒரு பிள்ளை" என்பார்.

பிறகு வகுப்பு நடத்தியதில் எங்கள் ஊர் வீடுகளின் கம்ப்யூட்டர் லட்சணம் முழுக்கப் பார்த்துவிட்டேன். தூசி படக்கூடாது என்று பெட்டிக்குப் பூ வேலை செய்த உறை தைத்துப் போட்டு, அந்த உறையோடே ஓட்டுவார்கள். அது மூச்சு முட்டிச் சூடாகி நின்றுவிடும். 'கம்ப்யூட்டர் வேலை செய்யல' என்று என்னைக் கூப்பிடுவார்கள். உறையைக் கழற்றுவேன். வேலை செய்யும். இதற்காகவே என்னை மேதை என்று சொல்கிற வீடுகள் உண்டு, நான் மறுப்பதில்லை.

இன்னொன்று, மெயின் சுவிட்ச். தொழிற்சாலைப் பழக்கம், வேலை முடிந்தால் மெயினை அணைத்துவிட்டுத்தான் நகர்வார்கள். வீட்டிலும் திரையில் என்ன ஓடுகிறது என்று பார்க்காமல் சுவரில் டக்கென்று அணைப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள் தாயே, திரையிலேயே ஷட் டவுன் கொடுத்து அது தானாக அணையட்டும், அப்புறம் சுவருக்குப் போங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கத்துவேன். மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்து நானும் ஒரு பிரசங்கம் செய்கிறேன் என்று பானு கேலி செய்வாள். பானு என் வகுப்பிலேயே வாய்த்துடுக்கு அதிகம் உள்ளவள். அவளும் பழைய லைன்காரிதான்.

பஸ்ஸை நிறுத்து

மல்லிகா வீட்டுக்குள் நுழைந்தேன். கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. கேமரா கண்ணிலும் சந்தனப் பொட்டு. அதன் முன்னால் சேகர், வேர்த்துக் கொட்டிக்கொண்டு, அழிந்த படத்தை மீட்கிற மென்பொருள் என்று இணையத்தில் கிடைத்ததையெல்லாம் இறக்கிக்கொண்டிருந்தார்.

"சேகர், கையை எடு!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருநாய் எழுந்து போனது.

"நான் சரி பண்ணிருதேன்க்கா. நாலஞ்சு சாஃப்ட்வேர் இறக்கிட்டா..."

"இன்னும் ஒண்ணு இறக்கினாலும் தும்பி செத்துச்சு. எழுந்திரு முதல்ல."

வாசகர்களே, இந்தத் தொடரில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கம்ப்யூட்டரில் ஒன்றை அழித்தால் அது உடனே போய்விடுவதில்லை. கம்பெனி பஸ்ஸில் பையை வைத்து, அதன் மேல் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதுபோலத்தான். அழிப்பது என்றால் துண்டை எடுத்துவிடுவது. பை இன்னும் அந்த இருக்கையிலேயே இருக்கும். ஆனால் அடுத்து ஏறுகிற ஆள், இது காலி இடம் என்று பையைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு உட்கார்ந்துவிடுவான். நீங்கள் புதிதாக இறக்குகிற ஒவ்வொன்றும், சேமிக்கிற ஒவ்வொன்றும் ஏறுகிற ஆள்தான். ஆகவே, தவறி அழித்துவிட்டால் முதல் வேலை, ஒரு வேலையும் செய்யாமல் இருப்பது.

இதைத்தான் சேகரிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. சட்டென்று எழுந்து நின்று, தொழிற்சாலையில் கத்துவது போலவே கத்தினார்.

"லைன் ஸ்டாப்!"

ஒருவருக்கு எதையாவது புரிய வைக்க வேண்டுமானால் அவர் பாஷையில் சொல்ல வேண்டும் என்பது சும்மா இல்லை.

எப்போ அழிச்சே என்று கேட்டேன். பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் என்றார். அதற்குப் பிறகு யாராவது கம்ப்யூட்டரைத் தொட்டீர்களா?

மல்லிகா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். "அவரு தொடச்சி வெச்சப்புறம் யாரும் தொடலக்கா. நேத்து பூஜை. ஆயுதத்துக்கு லீவு. மாலை போட்டு வெச்சது வெச்சபடியே கீது. இன்னிக்கிக் காலைலதான் தும்பிய எடுக்கலாம்னு போட்டேன்."

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஆயுத பூஜை அன்று ஆயுதத்தைத் தொடக்கூடாது. ஊசிக்கு ஓய்வு, கத்தரிக்கு ஓய்வு, கம்ப்யூட்டருக்கும் ஓய்வு. வேறு எந்த வாரமாக இருந்தாலும் இந்நேரம் பிள்ளையின் விளையாட்டும் சேகரின் பாட்டும் சினிமாவும் ஏறி பஸ் நிறைந்திருக்கும். நான் மாதாவைக் கும்பிடுகிறவள்தான். ஆனால் அன்று மனசுக்குள் சரஸ்வதிக்கு ஒரு நன்றி சொன்னேன். மாதா கோபித்துக்கொள்ள மாட்டார்.

பேர் போன படங்கள்

என் வீட்டுக்கு ஓடி என்னுடைய பென் டிரைவையும், தனியாக மாட்டுகிற ஹார்ட் டிஸ்கையும் எடுத்து வந்தேன். மீட்கிற மென்பொருள் பென் டிரைவிலிருந்தே ஓடும். மீட்பதைத் தனி டிஸ்கில் போட வேண்டும். எந்த டிஸ்கில் தொலைந்ததோ அதிலேயே திரும்பப் போடக்கூடாது. அதுவும் பஸ்ஸில் ஆள் ஏற்றுகிற வேலைதான்.

அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பழைய மாடல், உள்ளே டிஸ்க் சுற்றுகிற வகை. அது நல்லதாகப் போயிற்று. இப்போது வருகிற வேகமான வகையில் அழித்ததை மீட்பது பெரும்பாலும் நடக்காது. அதில் துண்டை எடுத்த கையோடு இருக்கையையும் கழுவி விடுவார்கள்.

மென்பொருளை ஓடவிட்டேன். எவ்வளவு மீண்டது என்று காட்டுகிற பச்சைக் கோடு திரையில் மெள்ள நகர்ந்தது. மல்லிகா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது. கான்ட்ராக்ட்காரர்.

"சாய்ந்தரம் சொல்றேண்ணா" என்று வைத்துவிட்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். "தும்பி வரலைன்னா அந்த லைனுக்குத்தான்க்கா போவணும். டாய்லெட் போறதுக்குக்கூடக் கையத் தூக்கிக்கினு நிக்கணும். மறுபடியும் என்னால முடியாதுக்கா."

சேகர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவரைத் திட்டவும் தோன்றியது, பாவமாகவும் இருந்தது. "பதறாத காரியம் சிதறாது, இரு" என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன்.

கோடு முடிந்தது. படங்கள் வந்தன. ஐயோ, எத்தனை வந்தன! ஆயிரக்கணக்கில். குப்பைத்தொட்டிக்குள் போனபோதே ஒவ்வொன்றும் தன் பெயரை இழந்துவிட்டிருந்தது. 'தும்பி', 'மயில் பெரிசு' என்று மல்லிகா ஆசையாக வைத்த பெயர்கள் ஒன்றும் இல்லை. எல்லாம் ஏதேதோ எழுத்தும் எண்ணும். அதோடு அந்தக் கம்ப்யூட்டர் பிறந்ததிலிருந்து பார்த்த காலை வணக்க ரோஜாக்கள், நடிகர்கள், பிறந்தநாள் கேக்குகள் என்று எல்லாப் பிணமும் எழுந்து வந்துவிட்டது.

"இதுல எங்கன்னு தேடுறது?" என்றாள் மல்லிகா.

அப்போதுதான் சேகர் தலை நிமிர்ந்தார்.

"அக்கா, ஒரு ஆள் தேடுனா கண்ணு அவிஞ்சு போகும். இதுக்கு இன்ஸ்பெக்ஷன் லைன் போடணும். ஆள் கூட்டிட்டு வாங்க, நான் லைன் போட்டுத் தாரேன்."

வீட்டுக்குள் ஒரு லைன்

அன்று எல்லோருக்கும் விடுமுறை. பானு வந்தாள். வகுப்புப் பெண்கள் கையில் பொரியோடு வந்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப்புகளும் வந்தன. மீட்ட படங்களைப் பிரித்துப் பிரித்து ஒவ்வொரு லேப்டாப்பிலும் போட்டேன். பார்வையை 'பெரிய ஐகான்' என்று மாற்றினேன். அப்படிச் செய்தால் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டாம், படம் அப்படியே தெரியும். இது வகுப்பில் முதல் மாதமே சொல்லித்தருவது. அன்றுதான் எதற்கு என்று அவர்களுக்குப் புரிந்தது.

சேகர் நடுவில் நின்றார். "ஒருத்தர் உருட்டணும், பக்கத்துல ஒருத்தர் பாக்கணும். பேச்சு இருக்கக் கூடாது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் ஆளு மாறணும். ஒரே ஆளு பாத்துக்கிட்டே இருந்தா கண்ணு முன்னால இருக்குறதே தெரியாமப் போயிரும்."

"பேச்சு இருக்கக் கூடாதுன்னா நான் கெளம்பறேன்" என்றாள் பானு. ஆனால் உட்கார்ந்தாள்.

பழைய லைன்காரிகளின் கண்ணைக் குறைவாக நினைக்காதீர்கள். கடுகளவு கீறலைச் செல்போனில் கண்டுபிடித்த கண்கள். அத்தனை வருஷம் கழித்தும் முதுகு நிமிர்ந்தது, கண் கூர்மையானது. ரோஜா ஓடியது, நடிகர் ஓடினார், மயில் வந்தது. 'மயில் ஓகே' என்று ஒரு குரல். மாங்காய் வந்தது. 'மாங்கா ஓகே.' மல்லிகாவின் வேலை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. கிடைத்ததற்கு உடனே எஃப் டூ கீயைத் தட்டிப் பழைய பெயரைச் சூட்டினேன்.

தும்பியை மட்டும் காணோம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. யாரும் எழுந்திருக்கவில்லை. சேகர் எல்லோருக்கும் டீ போட்டு எடுத்து வந்தார். டீயைக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கை தூரத்தில் வைக்க வேண்டும் என்ற என் சட்டத்தை அவரே அமல்படுத்தினார். கடைசி லேப்டாப்பில் கொஞ்சம்தான் மிச்சம். நான் மல்லிகாவைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

"நிறுத்து நிறுத்து!" பானுவின் குரல். "மேல போ. இன்னும் மேல. தோ... தோ கீதுடி உன் தும்பி!"

மேசையே கவிழ்ந்துவிடும் போல எல்லோரும் ஒன்றாகப் பாய்ந்தோம். சின்னக் கட்டத்துக்குள் கறுப்புக் கோட்டில் தும்பிகள் வளைந்து பறந்துகொண்டிருந்தன. சில படங்கள் மீண்டாலும் பாதி கறுத்துப்போய்த் திறக்கும். அந்தக் கட்டத்தின் மேல் மவுஸை வைத்து இரண்டு தட்டுத் தட்டினேன். திரை முழுக்க விரிந்தது. ஒரு சிறகுகூடக் குறையவில்லை.

நாங்கள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் கிரிக்கெட்டில் யார் ஜெயித்தது என்று கேட்டுக்கொண்டு வந்தார். "நாங்கதான்" என்றாள் பானு. மல்லிகா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை. வருஷக்கணக்கில் ஒரே ஒரு கீயைத் தட்டியவளுக்கு அதைவிடப் பெரிய நாள் என்ன இருக்கிறது?

மூன்று இடம்

அங்கேயே, அந்தக் கூச்சலிலேயே, ஒரு பாடம் எடுத்தேன். இனிமேல் எந்த நல்ல படமும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவிலோ தனி டிஸ்கிலோ ஒன்று, இணையத்தில் உங்கள் மெயில் கணக்கோடு வருகிற சேமிப்பிடத்தில் ஒன்று. பென் டிரைவைக் கம்ப்யூட்டரிலேயே குத்தி வைத்திருந்தால் அது இரண்டாவது இடம் ஆகாது. கழற்றிப் பீரோவில் வையுங்கள். குப்பைத்தொட்டியைக் காலி செய்கிறவர்கள், செய்வதற்கு முன் அதைத் திறந்து ஒரு முறை பாருங்கள். வீட்டில் வேறு யாருடைய பொருளாவது கிடக்கும்.

"நம்ம தொட்டிய இனி ஷிப்டு முடிஞ்சாலும் காலி பண்ண மாட்டேன்" என்றார் சேகர். சிவப்பு அட்டை ஒன்றை எடுத்து 'மல்லிகாவைக் கேட்காமல் தொடாதே' என்று எழுதிக் கம்ப்யூட்டர் மேல் அவரே ஒட்டினார்.

அச்செடுக்கிற கடை விடுமுறை. கடைக்காரர் வீட்டுக்கே போய் அவரைக் கிளப்பிக் கொண்டுவந்து சேர்த்தார் சேகர். தும்பி காகிதத்தில் இறங்கியது. பானு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்து கோட்டின் மேல் ஊசி குத்தினோம். எனக்கு அந்த வேலை சரியாக வராது. "அக்கா, நீ கம்ப்யூட்டரோட நிறுத்திக்கோ" என்று மல்லிகா ஊசியைப் பிடுங்கிக்கொண்டாள். மண்ணெண்ணெய் வாடை வீடெல்லாம் அடித்தது. பொடியைத் தேய்த்துக் காகிதத்தைத் தூக்கியபோது, அரக்குச் சிவப்புப் பட்டில் வெள்ளைத் தும்பிகள் வரிசையாக வந்து நின்றன. மணப்பெண்ணுக்குப் படம் அனுப்பினோம். உடனே அவளே கூப்பிட்டு, "அக்கா, இதேதான்! இதேதான்!" என்று கத்தினாள். ஸ்பீக்கரில் போடாமலே எங்களுக்கெல்லாம் கேட்டது.

விஜயதசமியில் தொடங்கினால் நல்லது என்று மல்லிகா அப்போதே மரச்சட்டத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். முதல் தும்பியின் சிறகில் கொக்கி ஊசி ஏறி இறங்க ஆரம்பித்தது. எங்களையெல்லாம் மறந்துவிட்டாள்.

வெயில் சாய்கிற நேரம். அவள் போன் மறுபடி அடித்தது. கான்ட்ராக்ட்காரர். மல்லிகா நிமிரவில்லை. வலது கையில் ஊசி, இடது கை துணிக்கு அடியில் ஜரிகையைப் பிடித்திருந்தது.

சேகர் போனை எடுத்தார். ஒரு தரம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், மேடம் வேலையா இருக்காங்க. வேற ஆள் பாத்துக்கோங்க."